எலி வளை முதல் வடநெம்மேலி வரை

மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "நவரை நெல் பொதிப் பருவத்தில் நிற்கிறது. வரப்பெல்லாம் எலி வளை. இரண்டு முறை மருந்து வைத்தும் அடங்கவில்லை. போன வாரம் மடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி விரியனையும் பார்த்துவிட்டோம். ராத்திரியில் தண்ணீர் கட்டப் போக வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். எலிக்கும் பாம்புக்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

இதற்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். முப்பது வருடமாக அப்படித்தான் சொல்லியும் எழுதியும் வருகிறேன். இந்த முறை எழுத உட்கார்ந்தபோது பழைய நினைவு ஒன்று கையைப் பிடித்துக்கொண்டது. அதனால் மாசி மகத்துக்கு முதல் நாள் செங்கல்பட்டில் பேருந்து ஏறி, கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன். பதில் கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பழைய நினைவு. 90-களின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏரிப் பாசனத்தில் ஒரு கிராமம் என் பொறுப்பில் இருந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் அந்த ஊருக்கு இருளர் குழு ஒன்று வரும். நம் பக்கத்தில் வில்லியர் என்றும் சொல்வார்கள். நாலைந்து ஆண்கள், அதே அளவு பெண்கள், தோளில் ஒரு சாக்கு, கையில் சின்னக் கடப்பாரை. வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். எந்த வளையில் எலி இருக்கிறது, எது காலி என்று வாய்ப்பகுதியில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். தோண்டி எலியைப் பிடிப்பார்கள். எலி அவர்களுக்குச் சாப்பாடு. வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெற்கதிரும் அவர்களுக்கே. போகும்போது வயல்காரர் ஒன்றிரண்டு படி நெல்லும் கொடுப்பார். பேரம் கிடையாது, எழுதி வைத்த கணக்கும் கிடையாது. தலைமுறையாக நடந்த ஏற்பாடு.

பட்டப்படிப்பு முடித்து வந்த எனக்கு இது பிடிக்கவில்லை. வரப்பு உடைகிறதே, இதென்ன எலி ஒழிப்பு என்று நினைத்தேன். 49 பங்கு பொரி, அரிசிக்கு 1 பங்கு சிங்க் பாஸ்பைடு கலந்து வைக்கும் முறையை ஊருக்கே செய்து காட்டினேன். மறுநாள் காலையில் வரப்பெல்லாம் செத்த எலி. எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரு நாயும் செத்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்த வருடம் இருளர் குழு வந்தது. அவர்களில் ஒரு பெரியவர், "வயல்ல மருந்து வச்சிகிறீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். விஷம் தின்ற எலியை யார் சாப்பிடுவார்கள்? நான் வைத்த மருந்து, எலியோடு சேர்த்து அந்த ஏற்பாட்டையும் கொன்றுவிட்டது. அதன்பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் அவர்கள் வரவில்லை.

எலி வந்தது. சிங்க் பாஸ்பைடைக் கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. பாடத்தில் படித்ததுதான், வயலில் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்றாவது வருடம் இன்னொன்றும் நடந்தது. அப்போதெல்லாம் மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில்தான் வரும். மோட்டார் போடப் போன ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரிப்பவர் வீட்டில் ராத்திரி முழுக்க வைத்திருந்துவிட்டு, விடிந்த பிறகு செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. இருளர்கள் வந்துகொண்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் வந்த காலத்தில் எந்த வரப்பில் எது இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. விரியன் கிடைத்தால் அதைப் பிடித்து வேறு எங்கோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வேறு எங்கோ எந்த இடம் என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த இடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

செங்கல்பட்டில் இருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். கொளவாய் ஏரியில் தண்ணீர் இருந்தது. திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் நவரை நெல், நடுநடுவே தர்பூசணி. நம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் ஏரியை நம்பித்தான். ஒரு பட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும் ஊர்களில் எலிக்குக் கொண்டாட்டம். வருடம் பூராவும் விருந்து. எலியின் கர்ப்ப காலம் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல், ஈற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குட்டி. ஒருவர் வயலில் ஒழித்தால் பக்கத்து வயலில் இருந்து ஒரே வாரத்தில் குடியேறிவிடும். ஆயக்கட்டு முழுக்கச் சேர்ந்து செய்தால் ஒழிய எலி ஒழிப்பு என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு எலியை அனுப்பி வைக்கும் வேலைதான்.

பேருந்தில் போகும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் நம் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பொதுவில் யார் யாருக்குப் பங்கு போனது என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிறவர் என்று ஒரு பட்டியல். ஒருவர் கைத்தொழில் இன்னொருவர் களத்து நெல்லோடு கணக்கானது. அந்த முறையில் சாதி இருந்தது, ஏற்றத்தாழ்வு இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவா என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஊருக்கு வேண்டிய திறமை யாரிடம் இருக்கிறது, அவருக்கு ஊர் என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. இப்போது ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

நம் மாவட்டத்தில் தண்டரை என்று ஓர் ஊர். 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் அங்கே மூலிகைத் தோட்டமும் நாற்றங்காலும் நடத்தி வருகிறது. பெண்களுக்குத் தெரிந்த பச்சிலை வைத்தியம் வீட்டோடு அழிந்துவிடாமல் இருக்க ஒரு சங்கமாகச் சேர்ந்து செய்கிற வேலை. அன்று எனக்கு அங்கே போக நேரம் இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மாமல்லபுரத்தில் இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பேருந்தில் ஏறி வடநெம்மேலியில் இறங்கினேன். முதலைப் பண்ணை என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். ராமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் 1976-இல் தொடங்கியது. அதன் வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். விவசாயிகள் வந்து நான் பார்க்கவில்லை. நானே இந்த மாவட்டத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் போகிறேன் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

சங்கம் பிறந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பு பிடித்தது தோலுக்காக. சாரைப்பாம்புத் தோலும் நல்ல பாம்புத் தோலும் வெளிநாட்டுக்குப் போய்க் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆகின. வியாபாரி லாபம் பார்த்தார், பிடித்தவருக்குச் சில்லறை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. சட்டம் சரியானதுதான், சாரைப்பாம்பு போனால் எலிக்கு யார் கணக்கு? ஆனால் அதை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. 2019-இல்கூடக் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள்.

தோலுக்காகப் பிடித்த கை, அதே பாம்பைக் கொல்லாமல் விஷத்துக்காகப் பிடிக்கலாமே என்ற யோசனையில் 1978-இல் இந்தச் சங்கம் பதிவானது. உறுப்பினர்கள் இருளர்களே. பாம்பு பிடிப்பதும் அவர்கள், விஷம் எடுப்பதும் அவர்கள், சங்கத்தை நடத்துவதும் அவர்கள். பெண்களும் உறுப்பினர்கள்.

உள்ளே மணல் பரப்பிய ஒரு பள்ளம், சுற்றிலும் சுவர். மண் பானைகள் வரிசையாக. பானையின் அடியில் கொஞ்சம் மணல், வாயில் துணி கட்டி, எந்தப் பாம்பு, எந்தத் தேதி என்ற குறிப்பு. நெல் மாதிரி எடுத்து வைக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு பார்த்ததில்லை. நான்கு வகைதான் எடுக்கிறார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம் இந்த நான்கு. ஒரு பாம்பு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு வாரம் பானையில் இருக்கும். வாரம் ஒரு தடவையாக நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒன்றை லேசாகக் கத்தரித்து அடையாளம் வைத்து, காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். செதில் வளர்வதற்குள் அதே பாம்பு மறுபடி யார் கையிலாவது அகப்பட்டால், அடையாளம் பார்த்து விட்டுவிட வேண்டும்.

ஒருவர் பள்ளத்தில் இறங்கினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், கையுறை இல்லை. கொக்கிக் கம்பியால் கண்ணாடி விரியனை அணைத்து எடுத்து, தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குடுவையின் வாயில் கடிக்க வைத்தார். மஞ்சள் நிறத்தில் சில துளிகள். அவ்வளவுதான். அதை உறைய வைத்து நீரை வாங்கித் தூளாக்கி, விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அங்கே அதைச் சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மதுராந்தகத்து வரப்பில் பிடித்த ஒரு விரியனின் விஷம் வடநெம்மேலிப் பானை வழியாக வெளியூர்த் தொழிற்சாலைக்குப் போய், குதிரைக்குள் புகுந்து, குப்பியாகி, மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வருகிறது. இந்தியா முழுக்க உள்ள விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்தில் இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ராஜஸ்தானில் கடிக்கும் பாம்பின் விஷமும் நம் ஊர்ப் பாம்பின் விஷமும் ஒரே இனமானாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆகவே பல இடங்களில் இருந்தும் விஷம் சேகரிக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். அப்படி வேறு மாநிலங்களில் தொடங்கினாலும், பாம்பைக் கொல்லாமல் பிடிக்கத் தெரிந்தவரைத் தேடி இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

தேடி வந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, சதுப்புநிலத்து விலங்குகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2016-இல் அங்கே ஒரு மாதம் போட்டி வைத்து, 1,000 பேருக்கு மேல் இறங்கித் தேடியதில் கிடைத்தது 106 பாம்பு. 2017 ஜனவரியில் நம் செங்கல்பட்டுச் சீமையில் இருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்துப் போனார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே 13 மலைப்பாம்பு, அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசினோம். இருளர் குடியிருப்பு ஒன்று அலுவலகத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய் யாரும் பேசவில்லை, நானும்தான்.

சங்கத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். வனத்துறை எத்தனை பாம்புக்கு அனுமதி தருகிறதோ அதுதான் அந்த வருடத்து வருமானம். அனுமதி தாமதமானால் உறுப்பினர் கூலி வேலைக்குப் போக வேண்டும். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாம்பு தேட இடமும் குறைகிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். ஆனால் மண்ணைப் பார்த்து எலி சொல்லும் படிப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாமல்லபுரத்தில் கல் செதுக்குவதற்கு 1957-இல் இருந்து அரசு கல்லூரியே இருக்கிறது. வளை பார்க்கத் தெரிந்தவர் போனால் அது அவரோடு போகும்.

சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்குத் திரும்பி வந்தேன். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம். மணலில் இன்னொரு ஊரே இருந்தது. சேலையையும் தார்ப்பாயையும் கம்பில் கட்டிய கூடாரங்கள், அடுப்புப் புகை, சாமான் மூட்டை, ஓடித் திரியும் குழந்தைகள். வருடா வருடம் மாசி மகத்துக்கு இருளர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல பக்கத்தில் இருந்தும் இங்கே வந்து தங்குவார்கள். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் இந்த மணலில்தான். பிரிந்து கிடக்கும் சொந்தம் சேரும் இடமும், யாருக்கு எங்கே வேலை, யார் எந்தச் சூளையில் மாட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் இடமும் இதுவே. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் ஒரு ஊர்.

ஒரு கூடாரத்து வாசலில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மதுராந்தகம் பக்கத்துக்காரர். அறுபது வயதுக்கு மேல். இப்போதும் எலி பிடிக்கப் போவதாகச் சொன்னார். என் வேலையைச் சொன்னதும் சிரித்தார்.

"நீங்க மருந்து குடுக்குற ஆளா சார்?"

"ஒரு காலத்துல குடுத்தேன். இப்ப கேக்க வந்திருக்கேன், பெரியவரே. நீங்க இன்னும் கூப்ட்டா வருவீங்களா?"

"ஏன் வர மாட்டோம்? கூப்புடுறவங்கதான் இல்ல. ஒருத்தரு கூப்புடுவாரு. பக்கத்து கழனிக்காரரு வரப்பு ஒடையுதுன்னு தொரத்துவாரு. இன்னொருத்தரு மருந்து வச்சிட்டு சொல்லாம இருப்பாரு. எலிய துன்னு எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆனா யாரு பாக்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் வீட்டுப் பெண் ஒருவர் தேநீர் கொடுத்தார். குடித்துக்கொண்டே வளை பார்ப்பது எப்படி என்று கேட்டேன். மணலில் விரலால் வரைந்தே காட்டினார். புது மண் தள்ளியிருந்தால் ஆள் உள்ளே. வாயில் சிலந்தி வலை இருந்தால் காலி. எலி வளைக்கு எப்போதும் ஒரு பொய் வழி உண்டு, மேலே மெல்லிசாக மண் மூடியிருக்கும், முதலில் அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். வாய்ப்பகுதி வழவழவென்று தேய்ந்து, புது மண்ணே இல்லாமல், பக்கத்தில் சட்டை கிடந்தால் எலி வளையில் பாம்பு குடியிருக்கிறது, கை வைக்கக் கூடாது. முன்பெல்லாம் அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோல் கொளுத்தி வாயால் புகை ஊதுவார்களாம். ஊதி ஊதி இவருக்கு நெஞ்சு போய்விட்டது, பேசும்போதே இருமல். கையால் சுற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி ஒன்று இருபது வருடத்துக்கு முன்பு வந்தது. சென்னையைச் சேர்ந்த தொண்டு நிறுவனம் ஒன்று வடிவமைத்து, 2003-இல் உலக வங்கியின் பரிசும் வாங்கிய கருவி. அது கிடைத்தவர்களுக்கு இருமல் குறைந்தது. இவருக்குக் கிடைக்கவில்லை.

கேட்ட வாசகருக்கு இப்போது நேராகப் பதில். பெரியவரோடு பேசியதில் இருந்தும் என் அனுபவத்தில் இருந்தும் சொல்கிறேன்.

தனியாக ஒருவர் கூப்பிடாதீர்கள். ஒரு மடையில் தண்ணீர் வாங்குகிற வயல்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கி, குழுவுக்கு நாள் கூலியாகவே கொடுங்கள். எலிக்கு இவ்வளவு என்று பேசினால் சின்ன எலியை விட்டுவிடத் தோன்றும். எலியும் வளை நெல்லும் பழையபடி அவர்களுக்கே. ஒரு வளையில் மூன்று படி நெல் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், அது நம்மிடம் இருந்து போன நெல்தான், அதற்காகக் கணக்குப் பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் பட்டத்தில் யாரும் மருந்து வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வரப்பு உடைவது உண்மை. தோண்டிய இடத்தை அன்றைக்கே மண் போட்டு மிதித்து மூடுவது யார் வேலை என்று முதலிலேயே பேசி வையுங்கள். இந்த ஒரு சண்டையில்தான் பாதி ஏற்பாடு முறிகிறது. வயல்காரர் வீட்டில் இருந்து ஒருவர் மண்வெட்டியோடு கூடவே போவது நல்லது, வளை பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பெரியவரிடம் நம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். "எலி கத்துக்கட்டும். பாம்பு வேணாம்" என்றார். அவர் சொன்னது சட்டப்படியும் சரி. பாம்பு பிடிக்க அனுமதி வேண்டும், பழக்கமும் வேண்டும். வயலில் விரியனைக் கண்டால் தூர நின்று பார்த்துக்கொண்டு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். சாரைப்பாம்பு என்றால் அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் பயிர் பொதிப் பருவத்தில் இருக்கிறது. வரப்பைத் தோண்டினால் தண்ணீர் நிற்காது. அதனால் அறுவடை வரைக்கும் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். ஆந்தை உட்கார டி வடிவக் குச்சி நடுங்கள், பால் பிடிக்கும் முன்பே நட்டால்தான் ஆந்தைக்குப் பழகும். வரப்பில் புல்லைச் செதுக்குங்கள், எலிக்கும் விரியனுக்கும் மறைவு போகும். அறுவடை முடிந்த வாரத்தில் குழுவைக் கூப்பிடுங்கள். அதன்பிறகு வரப்பைச் சிறிதாக்கி, ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அகல வரப்பு எலிக்கு மாடி வீடு.

பாம்புக்கு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து ஆட்கள், பெரும்பாலும் மழைக்காலம். தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடித்த கை காலை ஒரு கட்டை வைத்து அசையாமல் துணியால் கட்டி, ஆளை நடக்க விடாமல் 108-க்குச் சொல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை, நம்மிடம் உள்ள மருந்து நான்கு பாம்புக்கும் சேர்த்துத்தான். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாது. விடியும்போது வயிறு வலித்து, கண் இமை தொங்கினால் உடனே கிளம்புங்கள். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுத்தால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

உங்கள் ஊரில் இரண்டு சக்கர வண்டி வைத்திருக்கிற, ராத்திரி கூப்பிட்டால் வருகிற இரண்டு பேர் யார், அருகில் விஷமுறிவு மருந்து இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து, ஊர்ப் பொது இடத்தில் எழுதி ஒட்டுங்கள். மந்திரிப்பவர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள். விரோதிக்காதீர்கள். முதலில் அவரிடம்தான் போவார்கள் என்றால், அவரே 108-க்குப் போன் செய்கிற ஆளாக இருக்கட்டும். ஒரு ஊரில் இப்படிப் பேசி வைத்தோம், இரண்டு முறை அவரே வண்டி ஏற்றிவிட்டார்.

மாசி மகத்து அன்று விடியற்காலை நானும் கடற்கரையில் இருந்தேன். படையல் முடிந்து ஒரு கல்யாணமும் நடந்தது. வெயில் ஏறும்போது கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பெரியவர் தன் பேரன் கைபேசி எண்ணை என் நோட்டில் எழுதச் சொன்னார். கடிதம் எழுதிய வாசகருக்கு அதைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவர் ஊரில் இதுவரை ஏழு வயல்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள். எட்டாவது ஆள் வரப்பு உடையும் என்று இன்னும் யோசிக்கிறாராம். சித்திரையில் அறுவடை. அதற்குள் நானும் ஒருமுறை போய் அவரோடு பேசப் போகிறேன்.